விதைத்தவன் தூங்கப் போகலாம்

"பலனைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்." திருநெல்வேலிச் சீமையில் கோயில் மணிச் சத்தம் கேட்டு வளர்ந்த எவருக்கும் இது பழகிப்போன வாக்கியம். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு நூறு பிள்ளைகளை எதிர்பார்த்து முப்பது பேர் வந்தால் சேகர குரு (அந்தப் பகுதிச் சபைகளின் போதகர்) இதைச் சொல்வார். கன்வென்ஷன் அன்றைக்கு மழை கொட்டி நாற்காலிகள் காலியாகக் கிடந்தால் கமிட்டிக்காரர்கள் சொல்வார்கள். பாதி நேரம் ஆறுதலுக்கு, மீதி நேரம் பேச்சை முடித்துவிட்டு வீட்டுக்குப் போவதற்கு.

இப்படிப் புழங்கிப் புழங்கியே அதன் கனம் குறைந்துவிட்டது. ஆனால் கிறிஸ்தவ ஊழியத்தைப் பற்றி வேதம் சொல்லும் அடிப்படையான காரியங்களில் அது ஒன்று. ஓய்வுநாள் பள்ளியில் புதிதாகப் பாடம் எடுக்க வந்தவர்கள், வாலிபர் குழுவோடு கிராமங்களுக்குப் போக ஆரம்பித்தவர்கள், வட இந்தியாவில் இருக்கும் ஒரு மிஷனெரிக்காக மாதாமாதம் பணம் அனுப்பிவிட்டு "அங்கே என்னதான் நடக்கிறது" என்று யோசிப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில், பலன் என்று எதைச் சொல்கிறோம்? பொதுவாக எண்ண முடிந்ததைத்தான். ஞானஸ்நானம் பெற்றவர்கள், திடப்படுத்தலுக்கு (ஞானஸ்நான உறுதிமொழியைத் தாமே ஏற்கும் சடங்கு) வந்தவர்கள், கூட்டத்தில் கை உயர்த்தினவர்கள், வீட்டு ஜெபத்துக்குச் சேர்ந்த ஆட்கள், காணிக்கைத் தொகை. இவை பலன் இல்லை என்று சொல்ல வரவில்லை. பெந்தெகொஸ்தே நாளில் ஏறக்குறைய மூவாயிரம் பேர் சேர்க்கப்பட்டார்கள் என்று வேதமே கணக்கு வைத்திருக்கிறது. சிக்கல் எண்ணுவதில் இல்லை. எண்ண முடியாததை "இல்லை" என்று எழுதிவிடுவதில்தான் இருக்கிறது.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருநாள் போகிற ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பார்வையாளர் நேரத்தில் போவார். துணிப்பையில் பிஸ்கட் பொட்டலங்கள், ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர், உள்ளங்கையில் அடங்கும் சங்கீதப் புத்தகங்கள் கொஞ்சம். கட்டில் பக்கத்தில் நின்று, "என்ன செய்யுது தாயி?" என்று கேட்பார். அவர்கள் பேசுவது பத்து நிமிஷம், இவர் பேசுவது இரண்டு நிமிஷம். ஜெபம் பண்ணலாமா என்று கேட்பார். சரி என்றால் தலையில் கைவைக்காமல், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஜெபிப்பார். "வேண்டாம்மா" என்றால் பிஸ்கட்டை வைத்துவிட்டு அடுத்த கட்டில். அடுத்த வாரம் போனால் அந்தக் கட்டிலில் வேறு ஆள் படுத்திருப்பார். சங்கரன்கோவில்காரர் போயிருப்பார், அம்பாசமுத்திரத்துக்காரர் வந்திருப்பார். முந்தினவர் சுகமாகி வீட்டுக்குப் போனாரா, வேறு விதமாகப் போனாரா என்று கேட்டால் நர்ஸுக்கே சட்டென்று ஞாபகம் வராது.

இந்த ஊழியத்துக்கு அறிக்கை எழுதச் சொன்னால் என்ன எழுதுவது? "சந்திக்கப்பட்டோர்" என்ற கட்டத்தில் ஒரு எண் வரும். அதற்கடுத்த கட்டம் வருஷக்கணக்கில் காலியாகவே இருக்கும். அந்த அம்மாவின் வேலை வீணா?

காணாத பலன் ஒரே மாதிரி இருப்பதில்லை. சில பலன் தாமதமாக வருவது. ஓய்வுநாள் பள்ளியில் மனன வசனம் ஒப்பிக்கச் சொன்னால் ஜன்னல் வழியே ஓடிப்போகிற பையன் நாற்பது வயதில், மனைவி ஐசியூவில் கிடக்கும்போது அதே வசனத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். டீச்சர் அதற்குள் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருப்பார். வேறு சில பலன் வேறு இடத்தில் விளைவது. இங்கே விதைத்தது சூரத்திலோ துபாயிலோ முளைக்கும். இன்னும் சில, யாருக்குமே தெரியாமல் போவது. தூக்குக் கயிற்றை எடுத்தவர் அன்று மத்தியானம் யாரோ கொடுத்த கைப்பிரதியின் ஒரு வரியால் அதைத் திரும்ப வைத்துவிட்டு, அதைப் பற்றி ஆயுசுக்கும் ஒருத்தரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம். அப்படி நடந்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. நடக்கவில்லை என்று நீங்களும் அடித்துச் சொல்ல முடியாது.

அப்போஸ்தலர் நடபடிகள் 8-ம் அதிகாரத்தில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. பிலிப்பு வனாந்தர வழியில் எத்தியோப்பிய மந்திரியைச் சந்திக்கிறான். ரதத்தில் ஏறி ஏசாயாவின் பகுதியை விளக்குகிறான், தண்ணீருள்ள இடத்தில் ஞானஸ்நானம் கொடுக்கிறான். கரையேறினதும் ஆவியானவர் பிலிப்பைக் கொண்டுபோய்விடுகிறார். மந்திரி அப்புறம் அவனைக் காணவில்லை, சந்தோஷத்தோடே தன் வழியே போனான். அவ்வளவுதான். ஊருக்குப் போய் மந்திரி என்ன செய்தார், விசுவாசத்தில் நிலைத்தாரா, யாரிடமாவது சொன்னாரா என்று பிலிப்புக்கு யாரும் கடிதம் எழுதினதாக வேதத்தில் இல்லை. பிலிப்பு ஆசோத்தில் காணப்பட்டு, வழியெல்லாம் பிரசங்கித்துக்கொண்டே செசரியாவுக்குப் போகிறான். அடுத்த வேலை காத்திருந்தது.

கூலி எதற்கு?

இந்த விஷயத்தின் நடுத்தூண் 1 கொரிந்தியர் 3-ம் அதிகாரம். கொரிந்து சபையில் ஒரு கோஷ்டி பவுலைப் பிடித்துக்கொண்டது, இன்னொன்று அப்பொல்லோவைப் பிடித்துக்கொண்டது. நம்மூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த ஐயர் (இங்கே குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) காலத்தில் கோபுரம் எழும்பியது, எந்த ஐயர் காலத்தில் அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, கூட்டம் பெருத்தது என்று கோயில் திண்ணையில் இன்றைக்கும் கணக்குப் பார்க்கிறோம். பவுல் பதில் சொல்கிறார்: "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்."

இந்த வசனத்தை எல்லோரும் சொல்வார்கள். இரண்டு வசனம் தள்ளி வருவதைத்தான் அதிகம் சொல்வதில்லை: "அவனவன் தன்தன் வேலைக்குத்தக்கதாய்க் கூலியைப் பெறுவான்." வேலைக்குத் தக்கதாய். விளைச்சலுக்குத் தக்கதாய் என்று இல்லை. என் கணிப்பில் முழு உபதேசமும் இந்த ஒரு இடத்தில் அடங்கியிருக்கிறது. விளையச் செய்வது நட்டவன் கையில் இல்லை என்றால், விளைச்சலை வைத்து அவனை அளப்பது நியாயம் ஆகாது. தேவன் அப்படி அளப்பதும் இல்லை. நாற்பது பேர் வந்த கூட்டத்தில் பேசினவரும் நான்கு பேர் வந்த கூட்டத்தில் பேசினவரும் ஒரே உண்மையோடு உழைத்திருந்தால், தேவனுடைய கணக்கில் வித்தியாசம் இல்லை. நம் கணக்கில்தான் ஒருவருக்கு மாலையும் ஒருவருக்கு ஆறுதல் வார்த்தையும்.

இது இரண்டு பக்கமும் வெட்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். பலன் வராதவனுக்கு இது ஆறுதல். நல்ல பலன் வந்தவனுக்கு இது தலையில் ஒரு தட்டு. கூட்டம் நிரம்பி வழிந்ததற்கு உன் பிரசங்கம் மட்டும் காரணம் என்று நினைக்காதே, உனக்கு முன்னால் இருபது வருஷம் யாரோ சைக்கிள் மிதித்திருக்கிறார்கள். "விதைக்கிறவன் ஒருவன், அறுக்கிறவன் ஒருவன்" என்று இயேசு சமாரியாவில் சீஷர்களிடம் சொன்னதும் இதைத்தான்.

அடுத்தது மாற்கு 4-ம் அதிகாரத்தில் வரும் சின்ன உவமை. விதைக்கிறவன் உவமையின் நிழலில் இது அநேகர் கண்ணில் படாமல் போய்விடும். ஒரு மனுஷன் நிலத்தில் விதைக்கிறான். "இரவில் தூங்கி, பகலில் விழித்திருக்க, அவனுக்குத் தெரியாதவிதமாய், விதை முளைத்துப் பயிராகிறது." விதைத்தவன் தூங்குகிறான் என்பதை இயேசு குற்றமாகச் சொல்லவில்லை. அவன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டான், இனி நிலத்துக்குள் நடப்பது அவன் வேலை இல்லை, ஆகவே படுக்கிறான். அவன் தூங்குகிறபோது எதுவும் நின்றுபோவதில்லை.

நம் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலில் இதைப் பனையிடம் கற்றுக்கொள்ளலாம். "தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்" என்பது பழமொழி. பனங்கொட்டையை மண்ணில் புதைத்தால் முதலில் மேலே ஒன்றும் வராது. முளை கீழ்நோக்கித்தான் இறங்கும். மாதக்கணக்கில் மேலே வெறும் மணல், அடியில் கிழங்கு. அதைத் தோண்டி எடுக்கலாம், பொங்கலுக்கு அவித்துத் தின்னலாம், ருசியாகத்தான் இருக்கும். ஆனால் தோண்டின கிழங்கு மரமாகாது. மரம் வேண்டும் என்றால் தோண்டாமல் விட வேண்டும், அது பாளை விட இன்னும் பத்துப் பதினைந்து வருஷமோ அதற்கு மேலோ ஆகும். ஊழியத்தில் பலனை உடனே பார்த்தாக வேண்டும் என்ற அவசரத்தில் நாம் தோண்டிய கிழங்குகள் கொஞ்சநஞ்சம் இல்லை. நேற்று ஜெபிக்க ஆரம்பித்தவரை இன்றைக்கு மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்பது அதில் ஒன்று.

இந்த மண்ணிலேயே

பாளையங்கோட்டையில் கிளாரிந்தா ஆலயம் இன்னும் இருக்கிறது. கிளாரிந்தா தஞ்சாவூரிலிருந்து வந்த மராட்டியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்து, அவர் மூலமாகக் கிறிஸ்தவத்தை அறிந்துகொண்டவர். லிட்டில்டன் இறந்த பிறகு, 1778-ல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் கிளாரிந்தா ஞானஸ்நானம் பெற்றார். 1780-ல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் வெறும் 40. கிளாரிந்தா முயன்று கட்டிய சின்னக் கோயிலை 1785-ல் சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார்.

சுவார்ட்ஸ் இங்கே குடியிருந்தவர் இல்லை. அவருடைய வேலை தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும். திருநெல்வேலிக்கு எப்போதாவது வந்து போனார், சத்தியநாதன் என்ற தமிழ் உபதேசியாரை (சபைகளில் போதித்து நடத்துகிறவர்) அனுப்பி வைத்தார். 1798-ல் தஞ்சாவூரில் இறந்தார். மறு வருஷம், 1799-ல், சாத்தான்குளம் பக்கத்தில் முதலூர் என்ற முதல் கிறிஸ்தவக் கிராமம் உண்டானது. அதற்குச் சில வருஷங்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். சுவார்ட்ஸ் கண்ணை மூடும்போது திருநெல்வேலி அவருடைய ஊழியத்தின் ஒரு ஓரம், அவ்வளவுதான். 1791-ல் பாளையங்கோட்டைக்கு வந்த யேனிக்கே என்ற ஜெர்மானியரின் கதையும் அதுதான். காய்ச்சல் அவரை விடவே இல்லை. 1800-ல் தஞ்சாவூரில் இறந்துபோனார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் சுவாரசியம். 1806-ஐ ஒட்டித் தொடங்கி ஏறக்குறைய பத்து வருஷம் இந்தச் சீமையில் மிஷனெரி என்று யாருமே இல்லை. 1816-ல் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்துக்குக் குருவாகப் பாளையங்கோட்டைக்கு வந்த ஜேம்ஸ் ஹௌ விசாரித்துப் பார்க்கிறார். பலர் விலகிப் போயிருந்தார்கள், அது உண்மை. ஆனாலும் கிராமம் கிராமமாகச் சபைகள் உயிரோடு இருந்தன. நடத்தினவர்கள் உள்ளூர் உபதேசிமார்களும் நாட்டுக் குருமாரும். சம்பளம் ஒழுங்காக வந்திருக்காது, மேற்பார்வைக்கு வெள்ளைக்காரர் யாரும் இல்லை, அறிக்கை கேட்கவும் ஆள் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. 1820-ல் மிஷனெரி ரேனியஸ் ஐயர் வந்து, அவர் காலத்தில் சபைகள் பெருகியதை எல்லோரும் பேசுகிறோம். அவருக்கு முன் பத்து வருஷம் விளக்கை அணையாமல் பார்த்துக்கொண்டவர்கள்தான் அந்தக் கதையில் காணாமல் போகிறார்கள்.

ராக்லாந்து என்ற மிஷனெரியின் கதை வேறு விதம். கேம்பிரிட்ஜில் கல்லூரி ஃபெலோவாக இருந்தவர், சென்னையில் மிஷன் காரியதரிசியாக இருந்தவர். அந்த நாற்காலியை விட்டுவிட்டு 1854 முதல் வட திருநெல்வேலியில், சிவகாசிப் பக்கம் (அப்போது அது இந்த ஜில்லாதான்), கூடாரம் போட்டு ஊர் ஊராக நடந்தார். உடம்பு பலவீனம், நுரையீரல் கோளாறு. 1858 அக்டோபரில் சிவகாசியில் இரத்தம் கக்கி இறந்தார். வயது 43. போட்ட உழைப்புக்கு அவர் கண்ணால் கண்டது மிகக் கொஞ்சம். கோதுமை மணி நிலத்தில் விழுந்து சாக வேண்டும் என்ற யோவான் 12-ம் அதிகார வசனத்தையே அவர் தம் ஊழிய முறையாகச் சொல்லிக்கொண்டவர்.

வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா அத்தியட்சரையும் (பிஷப்) சேர்த்துக்கொள்ளலாம். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறக்கக் காரணமாக இருந்தவர்களில் முக்கியமானவர். திருநெல்வேலிச் சபையார் பிடியரிசியும் (சமைக்கும்போது எடுத்து வைக்கும் ஒரு பிடி அரிசி) காணிக்கையுமாகச் சேர்த்துத் தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். அசரியாவே தோர்ணக்கல்லுக்குப் போய் 1912-ல் அங்கே அத்தியட்சரானார். அவர் கண்ட பலன் ஏராளம். ஆனால் அவர் மனதில் இன்னொரு பெரிய பாரம் இருந்தது. பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றாக வேண்டும் என்பது. 1919-ல் தரங்கம்பாடி மாநாட்டில் தொடங்கி கால் நூற்றாண்டு அதற்காகப் பாடுபட்டார். 1945 ஜனவரி 1-ம் தேதி இறந்தார். அந்தச் சபைகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது 1947 செப்டம்பர் 27-ல்.

இந்தக் கதைகளில் ஒரு ஆபத்து

மேலே சொன்ன எல்லாவற்றையும் படித்துவிட்டு, "ஆக, பொறுத்திருந்தால் பலன் வந்தே தீரும், விதைத்தவர் பார்க்காவிட்டால் பேரன் பார்ப்பான்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இந்தக் கதைகள் நமக்குத் தெரிவதற்கே காரணம், கடைசியில் பலன் வெளியே தெரிந்ததுதான். தெரியாமலே போனவற்றை யார் எழுதி வைத்தார்கள்? ஓலைக் கூரைப் பள்ளிக்கூடம் நடத்திக் காலராவில் செத்துப்போன உபதேசியார்கள் எத்தனை பேர். சில ஊர்களில் கட்டின கோயிலே இடிந்து, இன்றைக்கு அடித்தளம் கூடத் தெரியாது. அவர்களுடைய உழைப்பை என்ன சொல்வது?

இங்கேதான் நம்பிக்கைக்கும் பேரத்துக்கும் உள்ள வித்தியாசம். "இப்போது இல்லாவிட்டாலும் பிறகு வட்டியோடு தருவார்" என்று காத்திருப்பது தவணையில் வாங்குவது போன்ற எதிர்பார்ப்பு. தேவன் எப்படிப்பட்டவர் என்பதன்மேல் சாய்ந்து நிற்பதே விசுவாசம். எபிரெயர் 11-ம் அதிகாரம் ஒரு பெரிய பட்டியலைப் போட்டுவிட்டு, இவர்களெல்லாரும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டவைகளை அடையாமல் மரித்தார்கள் என்று கூசாமல் சொல்கிறது. ஏசாயா 49-ல் கர்த்தருடைய தாசனே புலம்புகிறார்: "விருதாவாய் உழைக்கிறேன், வீணும் வியர்த்தமுமாய் என் பெலனைச் செலவழிக்கிறேன்." அடுத்த மூச்சில், "ஆகிலும் என் நியாயம் கர்த்தரிடத்திலும், என் பலன் என் தேவனிடத்திலும் இருக்கிறது" என்கிறார். பலன் வந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை. அது யாரிடத்தில் இருக்கிறது என்று சொல்கிறார். இரண்டு வாக்கியமும் ஒரே வசனத்தில் இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். சோர்வையும் சொல்லலாம், சொல்லிவிட்டு நம்பவும் செய்யலாம்.

சரி, அப்படியானால் பலனைப் பற்றி நினைக்கவே கூடாதா? அப்படி இல்லை. தெசலோனிக்கேயாவில் சபையை ஆரம்பித்துவிட்டு அவசரமாகக் கிளம்ப வேண்டி வந்த பவுல், அங்கே என்ன ஆயிற்றோ என்று தவித்துப்போனார். தங்கள் வேலை வீணாய்ப் போயிருக்குமோ என்று பொறுக்க முடியாமல் தீமோத்தேயுவை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார் (1 தெசலோனிக்கேயர் 3). நல்ல செய்தி வந்ததும், "நீங்கள் கர்த்தருக்குள் நிலைத்திருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம்" என்று எழுதுகிறார். அப்போஸ்தலருக்கே அந்தத் தவிப்பு இருந்தது என்றால் நமக்கு இருப்பதில் வெட்கம் இல்லை. பாடம் எடுத்த பிள்ளையை விசாரிப்பது, ஜெபித்த வீட்டுக்கு மறுபடி போவது எல்லாம் அன்பு. அதை அவநம்பிக்கை என்று ஒதுக்க வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. "பலனைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பதைச் சோம்பேறித்தனத்துக்குத் திரையாகக் கட்டுவது. பாடத்தைத் தயாரிக்காமல் வந்து, பிள்ளைகள் கொட்டாவி விட்டால் பாரத்தைக் கர்த்தர்மேல் போடுவது விசுவாசம் ஆகாது. கனி கொடாத அத்திமரத்தைப் பற்றிய உவமையில் (லூக்கா 13) தோட்டக்காரன் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று திண்ணையில் உட்காரவில்லை. சுற்றிலும் கொத்தி, எரு போடுகிறேன், ஒரு வருஷம் பொறும் என்று கேட்கிறான். முறை சரியில்லை என்றால் மாற்ற வேண்டும். மைக்கை ஊரே அதிரும்படி வைத்ததால் சனம் கதவைச் சாத்தினால், அதைப் பாடுகளாக எண்ணிக்கொள்ளாமல் சத்தத்தைக் குறைப்பதுதான் வழி. வேலை நம்முடையது, அதில் கேள்வி கேட்கலாம், திருத்தலாம், சண்டைகூடப் போடலாம். விளைச்சலைத்தான் விட்டுவிடச் சொல்லியிருக்கிறது.

எப்படி விடுவது?

சொல்வது சுலபம், செய்யக் கொஞ்சம் பழக வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும் அந்த அம்மா ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறார். அன்றைக்குப் பார்த்தவர்களின் பெயரும் ஊரும் மட்டும் எழுதுவார். நோய் எழுத மாட்டார், "ஏற்றுக்கொண்டார்", "ஏற்கவில்லை" என்றும் எழுத மாட்டார். ராத்திரி குடும்ப ஜெபத்தில் அந்தப் பெயர்களை ஒருமுறை வாசிப்பார், நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிடுவார். பழைய பக்கங்களைத் திருப்பி, யார் என்ன ஆனார்கள் என்று தேடுவதில்லை. ஒருநாள் கேட்டேன், "டீச்சர், இதுல யாரையாவது அப்புறம் பாத்திருக்கீங்களா?" ஒரே ஒருத்தரை புதிய பஸ் ஸ்டாண்டில் பார்த்தாராம். அவர் இவரை அடையாளம் தெரியாமல் பஸ் நேரம் கேட்டாராம். சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்த நோட்டில் நான் கவனித்தது, மனிதர்கள் பெயராக இருக்கிறார்கள், எண்ணாக இல்லை. பலனைக் கைவிட்டவருக்குத்தான் எதிரே இருக்கிற ஆளை ஆளாகப் பார்க்க முடிகிறது என்று தோன்றுகிறது. "இவர் வருவாரா, மாட்டாரா" என்ற கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருந்தால், நோயாளிக்கு அது தெரிந்துவிடும். நம் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக, இது ஊழியக்காரர் மட்டும் பழக வேண்டியது இல்லை. பணம் அனுப்புகிறவர்களுக்கும் சபைக் கமிட்டிகளுக்கும் இதில் பங்கு உண்டு. மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1896-ல் இந்தச் சீமைக்கு வந்து கிராமங்களில் சுற்றி ஊழியம் செய்தபோது, கண்டதைக் கண்டபடி எழுதினார்: மூடின கதவுகள், கேட்டுவிட்டுத் திரும்பிப்போன முகங்கள், வராத பலன். அந்தக் கையெழுத்துப் பிரதி, வாசிக்கிறவர்களுக்குச் சோர்வு உண்டாக்கும் என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டது. பிறகு 1903-ல்தான் புத்தகமாக வந்தது. ஆதரவாளர்களுக்கு வெற்றிச் செய்தி மட்டும் வேண்டும் என்ற நிலை அன்றைக்கே இருந்தது. இன்றைக்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டோ இல்லாமல் அறிக்கை அனுப்பும் மிஷனெரிக்கு மறுமாதம் காணிக்கை குறைகிறது. அவரும் என்ன செய்வார், பழைய போட்டோவைத் தேடுவார், நான்கு பேரை நாற்பதாகக் காட்டும் கோணத்தில் புதுசாக ஒன்று எடுப்பார்.

ஆகவே உங்கள் சபை தாங்கும் மிஷனெரி விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, ஆராதனை முடிந்து டீ கொடுக்கும் நேரத்தில், "இந்த வருஷம் எத்தனை பேர் வந்தாங்க?" என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். அங்கே தண்ணீர் வசதி எப்படி, பிள்ளைகள் எந்தப் பாஷையில் படிக்கிறார்கள், மலேரியா மறுபடி வந்ததா, அந்த ஊரில் பேச்சுத்துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். யாருக்காக நாங்கள் பெயர் சொல்லி ஜெபிக்கட்டும் என்று கேட்டு, அதைப் பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். பலனைப் பற்றி அவரே சொல்ல விரும்பினால் சொல்வார். சொல்ல ஒன்றும் இல்லை என்றாலும், அடுத்த மாதக் காணிக்கை அதே தேதியில் போய்ச் சேரட்டும்.